ஊன்றிய கால்

என் வாலுக்குட்டிக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், மூட்டுவலி மாடிப்படியைக் கண்டால் மட்டும் வருகிறது, டிவிக்கு முன்னால் வருவதில்லை. உன் பழைய வண்டியை இன்னும் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறார், ஓட்டத் தெரியாது, சத்தம் கேட்க வேண்டுமாம், பக்கத்து வீட்டு வக்கீல் ஒருநாள் நோட்டீஸ் விடத்தான் போகிறார். தம்பிக்கு மருந்துக் கடை வேலை பிடித்துப்போய்விட்டது, வீட்டில் யார் தும்மினாலும் மாத்திரை பெயர் சொல்கிறான். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று நீ வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் சேர்ந்துவிடும் என்று கூரியர்காரர் சத்தியம் செய்யாத குறை.

ஞாயிற்றுக்கிழமை யார் வந்தார் தெரியுமா, மேம்பாலத்தடி பைக் ஷோரூம்காரர். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது, கல் மேலும் கட்டை மேலும் ஏறுகிற ட்ரையல்ஸ் வண்டி வேண்டும் என்று கேட்டதற்கு, "ஸ்கூட்டர் எல்லாம் அந்தப் பக்கம்மா" என்று கை காட்டினாரே, அதே மகானுபாவர். நீ சாம்பியன் ஆன பிறகு இப்போது அவர் கடைக் கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு உன் படம் நிற்கிறது. ஒரு கூடை ஆப்பிளோடு வந்து, சோபாவில் சாய்ந்து, அப்பாவின் மூட்டை விசாரித்து, என் டீயைப் பாராட்டி, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். உங்கள் பைக் கம்பெனி மேலிடத்திலிருந்து அவருக்குப் போன் வந்ததாம். டெஸ்ட் ஓட்டும்போது விழுந்து கணுக்கால் உடைந்து கிடக்கிறானே உன் கூட வேலை பார்க்கும் அந்தச் சுருட்டைமுடிப் பையன், நீ சுருட்டை என்று கூப்பிடுகிறவன், அவன் விஷயமாக வெள்ளிக்கிழமை விசாரணையாம். "பொண்ணு இப்பத்தான் கம்பெனியில கால் ஊனியிருக்கு. நீங்க பெத்தவங்க, ஒரு வார்த்த சொன்னா கேக்கும்" என்றார். என்ன வார்த்தை என்று கேட்டேன். "ரைடர் தப்புன்னு அடிச்சுச் சொல்ல வேணாம்மா, ரைடர் தப்பாவும் இருக்கலாம்னு சொன்னாப் போதும், சாம்பியன் வாயால வந்துட்டா மறுபேச்சே கெடையாது" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள், வண்டி உடைந்து விழுந்தவன் தலையிலேயே பழியையும் போட என் வீட்டுக்கா ஆப்பிள் தூக்கிக்கொண்டு வருவது? "கால ஊனினா அபராதம் போடுற விளையாட்டுல வளந்தவ எம் பொண்ணு, நீங்க சொல்ற ஊனலெல்லாம் அவளுக்குப் பெரிசில்ல" என்று சொல்லிக் கூடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குள் அப்பா ஒரு ஆப்பிளைக் கடித்துவிட்டார், அதை மட்டும் திருப்பித் தர முடியவில்லை.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெரு முனை திரும்பவில்லை, உன் தம்பி திருதிருவென்று விழிக்கிறான். என்னடா என்றால், "அக்காவே அப்படித்தான் சொல்லப் போறாளாம்மா" என்கிறான். கேட்டதும் அவனை அப்படியே பிடித்து உட்கார வைத்தேன். நீ அவனிடம் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் கறந்துவிட்டேன், அவனைத் திட்டாதே, என்னிடம் எதுவும் நிற்காது என்று உனக்கே தெரியும். சுருட்டை விழுந்ததும் ஓடிப்போய் அவன் மேல் கிடந்த வண்டியைத் தூக்கியது நீதானாம். இடது கால்மிதி வெல்டிங் வைத்த இடத்தில் முறிந்து தொங்கியதாம், முறிந்த வாயில் பாதி பளிச்சென்றும் பாதி துருவேறியும் இருந்ததாம். அப்படியென்றால் அதில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது என்று இன்ஜினியர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, நம் பின்வாசல் கேட்டைப் பார்த்தாலே போதாதா, துரு ஒரு நிமிடத்தில் ஏறுமா? அந்த வண்டியை நீயே ஒருநாள் ஓட்டிப் பார்த்து, இடது காலுக்கடியில் அதிர்வு சரியில்லை என்று சொன்னதற்கு, "காலால யோசிக்காதீங்க மேடம், அளந்து பாத்த நம்பரோட வாங்க" என்று உன் மேலதிகாரி சிரித்தாராமே. இப்போது அதே ஆள், வண்டி கொட்டகைக்கு வெளியே மழையில் கிடந்தபோது பிடித்த துரு அது என்கிறாராம். விழுந்த நிமிடத்தில் அதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். அது தெரிந்துதான் என் வீட்டு சோபா வரைக்கும் ஆள் அனுப்புகிறார்கள்.

அவர்கள் அப்படித்தான், அவர்களைத் திட்டி என் பேனாவின் மை தீர வேண்டாம். எனக்கு ஆறாதது உன் பேச்சுதான். சுருட்டை பக்கம் நின்றால், இவள் இன்னும் ரைடர்தான், இன்ஜினியர் ஆகவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று தம்பியிடம் அழுதாயாமே. அடி அசடே! முழங்காலில் பிளேட் வைத்த பிறகு படுக்கையில் கிடந்தபடியே பரீட்சைக்குப் படித்து, உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, இன்ஜினியர் ஆனது எதற்கு? வண்டி எங்கே வலிக்கிறது என்று உன் காலுக்குத் தெரிந்ததைக் கணக்காகவும் சொல்லத்தானே? விலாங்கு மீன் மாதிரி பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதற்கு அவ்வளவு படிப்பு எதற்கு, ஷோரூம்காரர் படிக்காமலே செய்கிறார். கல்குவாரியில் நடந்த அந்தப் போட்டியை நான் மறக்கவில்லை. கடைசிப் பாறையில் உன் கால் கட்டைவிரல் தரையில் பட்டது, கணக்கெடுக்கிறவர் அந்த நேரம் பார்த்துத் தும்மிக்கொண்டிருந்தார், ஒருவரும் பார்க்கவில்லை. நீயாகப் போய் ஒரு விரலைக் காட்டி, "ஊனிட்டேன் சார்" என்றாய். அந்த ஒரு புள்ளியில் கோப்பை போயிற்று. எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் தீரவில்லை, தும்மினது அவர் தப்பு, கோப்பை நம்முடையது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் விரல் பட்டதற்குக் கோப்பையை விட்டுக் கொடுத்தவள், ஒருவன் கால் உடைந்து கிடக்கும்போது "இருக்கலாம்" என்று இழுப்பாள் என்றால், அந்தக் கோப்பையையாவது எனக்குத் திருப்பிக் கொடு.

நேற்றுத் தம்பியிடம் நம்பர் வாங்கிச் சுருட்டைக்குப் போன் செய்தேன். அவன் உன்னைத் திட்டுவான், நானும் கூடச் சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவனோ நான் யார் என்று சொன்னதும், படுத்துக்கொண்டு பேசுவதற்கு மன்னிப்புக் கேட்டான். வலி எப்படி என்றால் பரவாயில்லை என்றான். அப்புறம் அவனாகவே சொன்னான், "எல்லாரும் என் தப்புன்னு சொல்றாங்கம்மா. நானும் திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாக்குறேன். ரொம்ப முன்னாடி சாஞ்சிட்டேனோ, கால ஓங்கி மிதிச்சிட்டேனோன்னு இப்ப எனக்கே குழப்பமா இருக்கு. வெள்ளிக்கிழம அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான் நடந்திருக்கும், அவங்க மாத்திச் சொல்ல மாட்டாங்க." நான் உடம்பைப் பார்த்துக்கொள்ளப்பா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

நீ அங்கே எழுந்து நின்று "ரைடர் தப்பாவும் இருக்கலாம்" என்று சொன்னால், உன் மேலதிகாரி அதை நம்ப மாட்டார், அவருக்கு உண்மை தெரியும். ஷோரூம்காரரும் நம்ப மாட்டார். நீயும் நம்ப மாட்டாய். அவன் ஒருவன்தான் நம்புவான்.

நல்ல புத்தியும் நல்ல தைரியமும் உனக்கு எப்போதும் துணை நிற்கட்டும், என் ஆசீர்வாதம். வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வேலையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாலும் வா, பெற்ற பெண்ணை வராதே என்று சொல்வேனா, ஆனால் டீ நீயேதான் போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே. முடிந்ததும் முதல் போன் அவனுக்குச் செய், அப்புறம் எனக்கு.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா