விலாக்கூட்டுக்குள் ஒரு சிறு முதுகெலும்பு

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தானே என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நீ என்னோடு பேசி ஒன்றரை மாதம் ஆகிறது, காரணம் எனக்குத் தெரியும், அதற்கு வருகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறிவிடுகிறாள். உன் தம்பி கார் ஓட்டப் பழகுகிறான், வாசல் சுவரில் நீளமாக ஒரு கோடு போட்டாயிற்று.

நீ ஊருக்குப் போன பிறகு அருங்காட்சியகத்துக்கு ஒரு கல் வந்தது. குவாரியில் வெட்டிய கறுப்புக் கல், ஒரு கதவு அளவு இருக்கும். கல்லுக்குள்ளிருந்து எலும்பைச் சுரண்டி எடுத்தே என் முதுகு கூனிப்போனது உனக்குத் தெரியும், ஆனால் இது மாதிரி ஒன்று என் மேஜைக்கு வந்ததில்லை. பதினெட்டுக் கோடி வருஷத்துக்கு முந்தி அது கடலடிச் சேறாம். அந்த ஆழத்துத் தண்ணீரில் பிராணவாயுவே கிடையாது, அதனால் செத்து விழுந்ததைத் தின்ன ஒரு புழுகூட வராமல், சேறு மேலே மேலே படிந்து, எலும்பு கலையாமல் கல்லாகிவிட்டது. உள்ளே இருந்தது மீன் மாதிரி உடம்பு, ஆனால் மீன் இல்லை, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி. விலாக்கூடு வரைக்கும் சுத்தம் பண்ணிவிட்டேன். அதற்குள்ளே இன்னொரு முதுகெலும்பு இருந்தது சின்னு, என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. எங்கள் அருங்காட்சியகத்து ஆய்வாளர் அம்மாவைக் கூப்பிட்டேன். இரையாக இருக்கும் என்றுதான் முதலில் சொன்னார். தின்றதாக இருந்தால் வயிற்றில் அரித்துச் சிதறியிருக்கும், இது கோத்த மணி மாதிரி வரிசையாக இருக்கிறதே என்றேன். பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தாய்க்கு இருக்கும் அதே தாடை, அதே துடுப்பு, அச்சில் வார்த்த மாதிரி. முட்டையிடக் கரைக்கு வராமல், கடலிலேயே குட்டி போடுகிற இனம் இது, வயிற்றில் சுமந்தபடியே செத்திருக்கிறாள் என்றார்.

மறுநாள் என் கையில் சுரண்டுகிற ஊசி வழுக்கி, கடுகளவு எலும்பு ஒன்று தெறித்து விழுந்துவிட்டது. மண்டி போட்டுத் தரையெல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். பெருக்க வந்த அக்கா, என்ன சார் தொலைச்சீங்க, மோதிரமா என்று கேட்டார். குழந்தையோட எலும்பு என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, விளக்குமாற்றை ஓரமாகச் சாய்த்துவிட்டு என்னோடு மண்டி போட்டார். மூன்று மணி நேரம் கழித்து மேஜைக் காலடியில் அவர்தான் கண்டெடுத்தார், இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்தார். குட்டியைத் தனியாகப் பெயர்த்து ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் கூட்டம் வரும் என்றார். ஆய்வாளர் அம்மா தயங்கினார். இருபத்தாறு வருஷத்தில் இயக்குநரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன் நான், அன்றைக்கு மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "எடுத்துட்டா அது வெறும் எலும்பு சார். அங்க இருந்தாதான் அது பிள்ளை" என்றேன். அவர் குனிந்து அந்தச் சின்ன முதுகெலும்பைப் பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை, கல்லை அப்படியே வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நாம் கடைசியாகப் போனில் பேசினபோது, போனது போகட்டும் விடு, வயசிருக்கு, அடுத்ததைப் பார்க்கலாம் என்று சொன்னேன். ஐந்து மாதம் சுமந்து இழந்தவளிடம் அந்தக் குழந்தையை ஒன்றுமே இல்லாதது மாதிரி பெயர்த்தெடுத்துப் பேசினேன். நீ போனை வைத்தது சரிதான். ஆறுதல் சொல்லத் தெரியாமல் சொன்னேன் என்று சமாதானம் எழுத மாட்டேன். சொன்னது தப்பு சின்னு, அப்பாவை மன்னித்துவிடு.

பெயர் எதுவும் நினைத்து வைத்திருந்தாயா? வைத்திருந்தால், எப்போது முடிகிறதோ அப்போது சொல்லு. இந்த வீட்டின் முதல் பேரப்பிள்ளை, பெயர் தெரியாமல் இருக்கக் கூடாது.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதே, வேலைக்குச் சீக்கிரம் ஓடாதே. மாப்பிள்ளையையும் பார்த்துக்கொள், அவரும் உனக்காக அழுகையை அடக்கிக்கொண்டிருப்பார். நீங்கள் இரண்டு பேரும் மனசும் உடம்பும் தேறி நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
அப்பா. அந்தப் பிள்ளைக்குத் தாத்தா.