குழாய்க்குள் நின்ற குண்டு

வியாழன், பங்குனி 21

தேர்தல் வருகிறது. லைசென்ஸ் துப்பாக்கியை நாளை பத்து மணிக்குள் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா இறந்தபின் லைசென்ஸ் என் பெயரில்தான்.

காலையில் வாழைக்குள் பன்றி புகுந்தது. அப்பா விட்டுப்போன பெட்டியிலிருந்து தோட்டாவைப் போட்டு, விரட்டத்தான், வரப்பு மண்ணில் சுட்டேன். நமுத்த பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மண்கூடத் தெறிக்கவில்லை. லீவரை இழுத்து அடுத்ததை ஏற்றப் போனேன். ஏனோ கை வரவில்லை.

மதியம் திருச்சிக்குப் போய்த் துப்பாக்கிக் கடைக்காரரிடம் மிச்சத் தோட்டா ஒன்றைக் காட்டினேன். நகத்தால் கீறினார். கீறல் விழுந்தது.

"பெட்டிதாங்க கம்பெனி. குண்டு வீட்டுல ஈயம் உருக்கி வார்த்தது. அச்சுக் கோடு தெரியுது பாருங்க. மருந்து கம்மி, குழாய்க்குள்ளயே நின்னிருக்கும். அடுத்ததைச் சுட்டிருந்தா குழாயே வெடிச்சிருக்கும்."

"உள்ள நிக்கிற குண்டை எடுத்துக் குடுத்துடுங்களேன்."

"எடுக்கலாம். என்ன எடுத்தேன்னு ரிஜிஸ்டர்ல எழுதணுமே. வீட்டுல தோட்டா செய்யறது குத்தம், கேஸாயிடுங்க."

எடுத்தாலும் கேஸ். அப்படியே கொடுத்தால் ஸ்டேஷனில் குழாயைப் பார்ப்பார்கள். கொடுக்காவிட்டால் அதற்கும் கேஸ்.

"செஞ்சது மாமாதானே, சொல்லிடுங்க" என்கிறாள் மனைவி.

லைசென்ஸ் மாற்றியபோது, இருப்பதெல்லாம் கம்பெனித் தோட்டா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டபின் லீவரைத் திறந்து வைத்தேன். அவள் குழாயின் பின்பக்கம் டார்ச் அடித்தாள். நான் முன்பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

"தெரியுதாங்க?" என்றாள்.

வெளிச்சம் இந்தப் பக்கம் வரவே இல்லை.