இத்தாவைக் காட்டி நிறுத்தப்பட்ட இரத்தப் பரிசோதனை

அனுப்புநர்:
ஜெய்னம்பு பீவி
(மறைந்த கிபாயத்துல்லாவின் மனைவி),
செனாய், ஜொகூர்.

பெறுநர்:
தலைவர், ஆய்வு நெறிமுறைக் குழு,
ஒட்டுண்ணி நோய் ஆய்வு மையம்,
ஜொகூர் பாரு.

பொருள்: ஆய்விலிருந்து நான் விலகியதாகச் செய்யப்பட்ட பொய்ப் பதிவை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கணவர் இறந்து, நான்கு மாதம் பத்து நாள் விதவை வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருப்பதால் நான் இரத்தம் கொடுக்க மறுத்துவிட்டேன் என்று உங்கள் மையத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நான் மறுக்கவில்லை. என்னை யாரும் கேட்கவே இல்லை.

2. சென்ற டுரியான் பழப் பருவத்தில் கோத்தா திங்கித் தோட்டத்தில் நானும் என் கணவரும் ஒரே குடிசையில் தங்கினோம். இருவருக்கும் குரங்கு மலேரியா கண்டது. நான் பிழைத்தேன். அவர் மறைந்தார்.

3. உங்கள் மையத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு செய்யும் டாக்டர் சாந்தினி, மருத்துவமனையிலேயே எங்கள் இருவரிடமும் ஒப்புதல் பெற்று இரத்தம் எடுத்தார். ஒட்டுண்ணியை எதிர்க்கும் அணுக்கள் ஓர் உடம்பில் அளவோடு போராட, இன்னோர் உடம்பில் கட்டுமீறி அந்த உடம்பையே ஏன் தாக்குகின்றன என்பதே அவருடைய கேள்வி. நோய் தணிந்தபின் என் இரத்தத்தை மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும் என்றார். இத்தாவை முன்னிட்டு வீட்டுக்கே வர ஒப்புக்கொண்டார்.

4. குறித்த நாளில் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தேன். எவரும் வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தபோது உங்கள் ஒருங்கிணைப்பாளர் திரு. சயீத் சொன்னது: “மாமி, நீங்க இத்தால இருக்கீங்க. ஊசி கீசின்னு வந்து தொந்தரவு பண்ணா பாவம்லா. நாங்களே கேன்சல் பண்ணிட்டோம்.” டாக்டர் சாந்தினியிடமோ, நானாகவே விலகியதாகச் சொல்லி, ஆய்வுப் பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறார். இதை டாக்டரே பிறகு என்னிடம் வருந்திச் சொன்னார்.

5. இத்தாவின் சட்டம் எனக்குத் தெரியும். சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் அதில் தடையில்லை. நான் கான்வென்டில் படித்தவள். ஒப்புதல் படிவத்தை வரி வரியாக வாசித்த பிறகே கையெழுத்திட்டேன். விலகுவதென்றால் எழுதித் தர எனக்குத் தெரியாதா? கணவரோடு என் வாயும் போய்விட்டதென்று திரு. சயீத் நினைத்தாரா? அவர் மரியாதை என்று நினைத்துச் செய்தது அவமரியாதை.

6. தவறிப்போன வாரங்களின் இரத்தத்தை இனி எவராலும் எடுக்க முடியாது. என் கணவர் ஏன் போனார், நான் ஏன் இருக்கிறேன் என்று அறியும் வழியில் பாதி அடைபட்டுவிட்டது. நோயை அடையாளம் கண்டுகொள்ளும் அணுக்கள் இன்னும் சில மாதங்கள் என் உடம்பில் இருக்கும் என்கிறார் டாக்டர். அந்த மீதியையும் இழக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பொய்ப் பதிவை நீக்கி, என்னை மீண்டும் ஆய்வில் சேர்த்து, இம்மாதத்துக்குள் இரத்தம் எடுக்க உத்தரவிடுங்கள். திரு. சயீத்திடம் விளக்கம் கேளுங்கள். இன்றும் இத்தாவில்தான் இருக்கிறேன். இன்றும் கை நீட்டத் தயார். தொலைபேசியில் ஆறுதல் வேண்டாம். உங்கள் முடிவை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்கவும்.

இடம்: செனாய்
நாள்: 2 அக்டோபர் 2024

(ஒப்பம்)
ஜெய்னம்பு பீவி