திரும்பக் கேட்ட இரத்தம்

தென்காசி
6-8-1963

அன்புள்ள தம்பி நாறும்பூநாதனுக்கு,

அக்கா குழல்வாய்மொழி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கிற மனநிலையில் இன்று நான் இல்லை. உன் அத்தான் சௌகரியமாக இருக்கிறார்கள். குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் நன்றாகவே இருக்கிறது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிகிறது, உன் மேல் உள்ள கோபத்தில்.

உன் கார்டு காலையில் வந்தது. வள்ளித்தாயின் இரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த ஒரு வரியை எழுத உனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதுவும் நான் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, கடைசியில் தந்தி கொடுத்த பிறகு. அதே கார்டின் அடியில், அடுத்த வாரம் அவளிடம் இன்னொரு முறை இரத்தம் எடுத்து ஐஸ் வைத்து அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா?

போன வருஷம் சீசனுக்கு நீயும் உன் சிநேகிதர்களும் வந்தீர்கள். டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி இருக்கிறது அக்கா, அது வயிற்றிலிருக்கும் பிள்ளையைத் தாக்குகிறது, பிள்ளை தங்காத பெண்களையும் குறையோடு பெற்றவர்களையும் கூட்டி வா, மதுரை ஆஸ்பத்திரியில் சோதித்து யாருக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன் என்றாய். நானும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். காலையில் நம் வீட்டுக் கூடத்தில் வைத்து ஊசி குத்தினீர்கள். மத்தியானம் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து என் கையால் சாப்பிட்டீர்கள். யாருக்கு என்னவென்று இன்று வரை ஒருத்திக்கும் நீ சொல்லவில்லை.

வள்ளித்தாய்க்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து போனதால்தான் அவளைக் கூட்டி வந்தேன். அவள் மாமனார் சுடலையாண்டி அச்சன்புதூரில் நம் வயலைப் பயிரிடுகிறவர். நாம் கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அது உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு கார்த்திகையில் ஒரு கார்டு, தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று. வள்ளித்தாயின் இரத்தம் மறுபடி வேண்டும், அவசரம் என்று மட்டும் எழுதினாய். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரி காரியம், ஏதோ காரணம் இருக்கும் என்று நானும் கம்பவுண்டர் யாக்கூப்பைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். அவர் பிளாஸ்கில் ஐஸ் போட்டு, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மதுரை ரயிலின் கார்டிடம் கொடுத்து அனுப்பினார்.

கார்டில் எழுதினால் தபால்காரர் வேல்சாமி படிப்பார் என்பது உனக்குத் தெரியாதா? அவர் கெட்டவர் இல்லை. எல்லோர் வீட்டுச் சேதியையும் தன் வீட்டுச் சேதியாக நினைக்கிற மனிதர். அவர் வாய்வழியாக அது அச்சன்புதூருக்குப் போயிற்று. இத்தனை பெண்களில் வள்ளித்தாயிடம் மட்டும் திரும்பத் திரும்ப ஏன் கேட்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. "ஐசுல பொத்தி வச்சு ரயில்ல அனுப்புதாகன்னா சும்மாவா? எம்புட்டு கொடிய சீக்கோ" என்று அவள் மாமியார் தங்கத்தாய் கிணற்றடியில் நின்று சொன்னாளாம். முதலில் வள்ளித்தாயின் தட்டைத் தனியாக வைத்தார்கள். பிறகு மாட்டில் பால் கறக்கக் கூடாது என்றார்கள். வைகாசியில் பண்பொழிக்கு, அவள் பிறந்த வீட்டுக்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இப்போது அவள் புருஷன் நல்லதம்பிக்குக் கீழப்பாவூரில் வேறு பெண் பார்த்து முடித்திருக்கிறார்கள். ஆடி கழிந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாம்பூலம் மாற்றப் போகிறார்கள். சட்டம் கூடாது என்கிறது என்றேன். சட்டம் வந்து சோறு பொங்கிப் போடுமா என்று கேட்கிறார்கள்.

போன வாரம் பண்பொழிக்குப் போய் அவளைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். "யக்கா, எனக்கு என்ன சீக்குன்னு மட்டும் சொல்லிருங்க. நான் அழ மாட்டேன்" என்றாள்.  அங்கிருந்து நேராகப் போய்த்தான் உனக்குத் தந்தி கொடுத்தேன்.

இப்போது சாவகாசமாக விளக்கம் எழுதுகிறாய். கிருமியை உயிரோடு வைத்து, அதில் ஒருவருடைய இரத்த நீரைச் சேர்த்து, நீலச் சாயம் விட்டுப் பார்ப்போம், அந்தக் கிருமி என்றைக்காவது வந்துபோன இரத்தமாக இருந்தால் கிருமியில் சாயம் ஏறாது, இந்தச் சோதனை நடக்க, கிருமியே படாத ஒருவரின் இரத்த நீரும் கொஞ்சம் கூடச் சேர்க்க வேண்டும், நாங்கள் பார்த்ததில் வள்ளித்தாயுடையதுதான் அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது, அவள் பெருமைப்படலாம். இதெல்லாம் நீ எழுதியதுதான். பெருமைப்படலாமாம்! அவள் இரத்தம் சுத்தம் என்பதற்காகவே நீ திரும்பக் கேட்டாய். திரும்பக் கேட்டதற்காகவே அவளை வீட்டை விட்டு அனுப்பினார்கள். சுத்தம் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கார்த்திகையிலேயே எழுதியிருந்தால் உன் பேனா தேய்ந்தா போயிருக்கும்?

கார்டை எடுத்துக்கொண்டு இன்றே வண்டி கட்டி அச்சன்புதூருக்குப் போனேன். படித்துக் காட்டினேன். சுடலையாண்டி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு, "தம்பி எழுதுதாரு, அக்கா படிக்கிய. நாங்க எதக் கண்டோம்? டாக்டரு வந்து எங்க வீட்டு முத்தத்துல நின்னு சொல்லட்டும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மகன் நல்லதம்பி என் கண்ணில் படாமல் கத்தரிக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரத்துக்குக் கிளம்பிவிட்டான். வழியில் மறித்துக் கேட்டேன். "எங்கய்யா பேச்ச எப்படி மீறுவேன்?" என்றான். அவள் பெயரைச் சொன்னதும் அவன் கண் கலங்கியது. அவனுக்கு அவளை விட மனமில்லை. எதிர்த்துப் பேச ஒரு பிடிதான் இல்லை.

அந்தப் பிடியாக நீ வர வேண்டும். லீவு இல்லை, வேலை இருக்கிறது என்று எழுதினால் இனி எனக்குத் தம்பியே இல்லை. ஆடி முடிவதற்குள் வா. ஊசியையும் கொண்டு வா. அவர்கள் முற்றத்தில் ஊரார் பார்க்க நின்று, இந்தப் பெண்ணிடம் சீக்கு எதுவும் இல்லை, அவள் இரத்தத்தை வைத்துத்தான் மற்றவர்களுக்குச் சீக்கு உண்டா இல்லையா என்று பார்க்கிறோம் என்று உன் வாயால் சொல். நல்லதம்பியின் கையிலும், அவன் அம்மாவின் கையிலும் குத்தி எடு. இரத்தம் எடுத்தாலே சீக்கு என்று அர்த்தமில்லை என்பதை ஊர் பார்க்கட்டும். திரும்பத் திரும்ப எடுத்ததற்கு வள்ளித்தாயிடம் மன்னிப்புக் கேள். அதன் பிறகும் பிள்ளை ஏன் தங்கவில்லை என்று கேட்பார்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல். அதற்குக் கூச்சப்படாதே.

அச்சன்புதூரிலிருந்து திரும்பி வந்து, உன் கார்டை மறுபடியும் எடுத்துப் படித்தேன். சுத்தமான இரத்தத்தைத்தான் திரும்பக் கேட்போம் என்றல்லவா இருக்கிறது. அன்று கூடத்தில் மற்றப் பெண்கள் பயந்து பின்வாங்கியபோது, முதலில் கை நீட்டியவள் நான். உன் கூடப் பிறந்த இரத்தம், ரயில் நிற்கிற ஊர், ஸ்டேஷனுக்கு நாலு தெரு தள்ளி வீடு. என்னிடம் நீ திரும்பக் கேட்கவே இல்லை.

தலை பெருத்துப் பிறந்து, பாலை இழுக்கத் தெரியாமல் என் மடியிலேயே அடங்கிப்போன பிள்ளையை நீயும் பார்த்தாய். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாய். அவனுக்காகத்தான் இந்தப் படிப்பை எடுத்தேன் என்று நீ ஊரெல்லாம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு ஒன்றைச் சொல்லப் பயந்துகொண்டுதான் யாருக்குமே ஒன்றும் சொல்லாமல் விட்டாயா, தம்பி? அந்தப் பயத்துக்கு வள்ளித்தாயா விலை கொடுக்க வேண்டும்?

இதற்குத் தபாலில் பதில் எழுதாதே. உன் அத்தானிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் நேராக அச்சன்புதூருக்குப் போ. அங்கே எல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்த உளுந்தஞ்சோறு பொங்கி வைக்கிறேன். என் இரத்தத்தில் என்ன இருந்தது என்று சாப்பிட்ட பிறகு சொல். அவளுக்கு ஆவணி வரைக்கும்தான் நேரம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

குற்றாலநாதர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
குழல்வாய்மொழி