ஏழாம் நோயாளியைத் தேடி

ஒக்டோபர் 14, செவ்வாய்

பின்னேரம் இடியோடு மழை. காலி வீதி முழுக்கத் தண்ணீர். வெள்ளவத்தைக்கு வந்துசேர்வதற்குள் சேலை பாதி நனைந்துவிட்டது.

மருத்துவ சஞ்சிகையிலிருந்து பதில். இரத்தப் புற்றுநோய் மருந்து பற்றிய எங்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பவில்லை! கேள்விகள் மட்டும். இரண்டு லேசானவை. மூன்றாவது: ஏழாம் நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்?

இந்த மருந்து எடுத்தவர்களில் ஏழாம் ஆள் அன்டனி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தை மாதத்துக்குப் பிறகு கிளினிக் பக்கமே வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. வராமல் போனவர்கள் சிலருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

கணவர் சிவா: "என்னப்பா, நல்ல செய்தி வந்தும் முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

வாங்க வேண்டியவை: தேசிக்காய், சிவாவின் பிரஷர் குளிசை, நல்லெண்ணெய்.

ஒக். 16, வியாழன்

கிளினிக் முடிந்து நேரே ஓட்டோவில் கொட்டாஞ்சேனை. கோப்பில் இருந்த விலாசம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒழுங்கை. கொடியில் குழந்தைச் சட்டைகள். வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தது அன்டனி! தோளில் ஒரு பெண் குழந்தை, நல்ல நித்திரை.

"ஐயோ மிஸ்! வீட்டுக்கே வந்துட்டீங்களா?"

அவருக்கு டொக்டரும் மிஸ்தான். நான் குழந்தையையே பார்த்தேன். இந்த மருந்துகளுக்குப் பிறகு பிள்ளை கிடைப்பது நிச்சயமில்லை என்று அவரிடம் சொன்னதே நான்தான்.

பிறகு ஏசினேன். "ஏன் கிளினிக் வரேல்லை?"

போன் கடலில் விழுந்துவிட்டதாம். மனைவி மெட்டில்டா விடவில்லை. "போன் மட்டுந்தானா? உண்மையச் சொல்லுங்க."

தலையைக் குனிந்துகொண்டார். "பயம் மிஸ். ரத்தத்தப் பாத்து, வருத்தம் திரும்பிடுச்சுன்னு சொன்னீங்கன்னா? புள்ள பொறக்கிற மட்டும் தெரியாம இருப்போம்னு நெனச்சேன். பொறந்ததுக்குப் பொறகு இன்னும் பயம்."

நாளைக்கு இரத்தம் கொடுக்க வருவதாக வாக்கு. கூட்டிக்கொண்டு வருவது மெட்டில்டா பொறுப்பு. சோடாவும் கேக்கும் தந்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஒக். 20, திங்கள்

தீபாவளி. அன்டனி வெள்ளியன்று வந்தார், இரத்தமும் எடுத்தாயிற்று. முடிவு இன்னும் ஆய்வுகூடத்தில். லீவு.

வடைக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். சிவா தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். பாவம்.

ஒக். 22, புதன்

இல்லை! நோயின் சுவடே இல்லை. நுணுக்குக்காட்டியிலும் நானே பார்த்தேன். நம்பாமல் திரும்பவும் பார்த்தேன்.

மெட்டில்டாவுக்கு போன். முதலில் அழுகை. பிறகு, "அவர் கிரேன்ல ஏறிட்டார் மிஸ். எறங்கட்டும், சொல்றேன். இல்ல, இல்ல, இப்பவே துறைமுக வாசல்ல போய் நிக்கிறேன்."

சஞ்சிகைக்குப் பதில் எழுத உட்கார்ந்தோம், நானும் கூட எழுதிய டொக்டர் நிலூகாவும். பிள்ளை பிறந்ததையும் போடுவோமா என்று சிங்களத்தில் கேட்டாள். போட்டோம். அப்போதுதான் உறைத்தது: மற்றவர்களிடம் இதை நாங்கள் கேட்டதே இல்லை. இரத்தம் சுத்தமா என்று பார்த்தோம், அவ்வளவுதான்.

ஒக். 23, வியாழன்

மற்ற நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் போன். நிறையப் பேருக்கு என் குரலைக் கேட்டதும் பயம், பிறகு சிரிப்பு. மாளிகாவத்தை ரமீஸா, எங்கள் மூன்றாம் நோயாளி: "ரெண்டு புள்ள இரிக்கி டொக்டர்! நீங்க ஒரு நாளும் கேக்கல்லயே." பின்னால் இரண்டும் போட்ட கூச்சல். நிலூகாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த கட்டுரைக்கு வேலை வந்துவிட்டது.

நவ. 13, வியாழன்

வெயில். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்!! சிவா ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கிறார்.

அன்டனிக்குச் சொன்னேன். "பேப்பர்ல என் பேர் வருமா மிஸ்?"

பெயர் போடக்கூடாது, ஏழாம் நோயாளி என்றுதான் வரும் என்றேன். மகளைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது என்றேன்.

"அவளுக்கு என்ன நம்பர் மிஸ்?"

"அவ நோயாளி இல்லையே அன்டனி. அவவுக்கு நம்பர் இல்லை."