எலி டாக்டருக்குச் சில சந்தேகங்கள்

மார்ச் 4

எலி டாக்டர் அம்மாவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் சண்டையில் போய் நிற்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். என் சர்க்கரை உனக்குத் தெரிந்த கதை. இப்போது ஈரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. "நாள் முழுக்க மெஷின்லயே உக்காந்திருந்தா வேற என்ன வரும்?" என்றார் டாக்டர். உங்கள் ஆய்வுக்கூடத்தில் செடிச்சாறு கொடுத்து, எலிகளை ஓடவிட்டு, நீங்கள் எல்லோரும் இதையேதான் ஆராய்கிறீர்கள் என்று பேப்பரில் படித்தேன். நிஜமாகவே எலிக்குச் சர்க்கரை வருமா? தானாக ஓடுமா, விரட்ட வேண்டுமா? அந்தச் சாற்றில் ஒரு பாட்டில் அனுப்பேன்.

இப்படிக்கு,
தையல்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்கேன் விஷயம் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எங்கள் எலிகளுக்கு நாங்கள்தான் கொழுப்புத் தீனியும் ஊசியும் போட்டுச் சர்க்கரையை வரவழைக்கிறோம். ஓடுவதற்கு அவற்றின் காலடியில் ஒரு பட்டை சுழலும். முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். சிலவற்றுக்குச் சாறு மட்டும், சிலவற்றுக்கு ஓட்டம் மட்டும், சிலவற்றுக்கு இரண்டும். இரண்டும் கிடைத்தவற்றுக்குத்தான் ஈரல் கொழுப்பு நன்றாகக் குறைந்தது. ஏன் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறோம். மனிதருக்கு எந்த அளவு சரி, எது ஆபத்து என்று எங்களுக்கே தெரியாது. ஆகவே பாட்டில் கிடையாது. மாத்திரையை விடாதீர்கள். தினமும் நடங்கள்.

அக்கறையுடன்,
நான்

மார்ச் 20

எலி டாக்டர் அம்மாவுக்கு,

நீ தராவிட்டால் என்ன? கடைவீதியில் ஈரலுக்கென்று ஒரு மூலிகைப் பொடி கிடைத்தது. "இதச் சாப்பிட்டா மாத்திரையே வேணாம் சார்" என்றார் கடைக்காரர். மாத்திரையை நிறுத்திவிட்டேன். நாக்கு வறள்கிறது, கண் மங்குகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பொடி வேலை செய்கிறது போல. இன்னொரு சந்தேகம்: ஓடி முடித்த எலிகள் இப்போது எங்கே?

தையல்காரன்

மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்ததும் போனில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கண்ணை மங்க வைத்தது ஏறிப்போன சர்க்கரை. சண்டைக்கு நிற்காமல் உடனே டாக்டரிடம் போனீர்களே, அதுவே போதும்.

எலிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவை இல்லை. ஈரலைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் உயிரோடு வைத்திருக்க முடியாது. அவற்றை அறுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களிடம் சொல்ல வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "எலி மேல இருக்கிற அக்கறை என் மேல இல்ல" என்றீர்கள். மறுவாரம் ஆய்வுக்கூடம் இருக்கும் இந்த ஊருக்கே தனியாகக் குடிவந்துவிட்டேன்.

இங்கே ஈரலுக்கென்றே நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார். ஒருமுறை காட்டிவிடலாம், வாருங்கள். என் அறையில் ஒரு கட்டில்தான். தரையில் நான் படுத்துக்கொள்கிறேன்.

நான்

ஏப்ரல் 5

அன்புள்ள உனக்கு,

பொடி குப்பைக்குப் போயாயிற்று. மாத்திரையில் சர்க்கரை இறங்கிவருகிறது. நூலும் கோக்க முடிகிறது. மாலையில் கடையைச் சாத்திவிட்டு நடக்கிறேன். தெரு நாய்கள் முதலில் குரைத்தன, இப்போது கூடவே வருகின்றன.

சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். தரையில் நான்தான் படுப்பேன். குனிந்து நிமிர்வதும் ஒரு பயிற்சிதானே. டாக்டரைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், அன்று நீ சொல்ல வந்ததை முதலிலிருந்து சொல். நடுவில் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்