வளைவில் கவிழ்ந்த பச்சை எஞ்சின்

என் கோபத்தையெல்லாம் சிரித்தே கடந்துபோன என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கண்மூடிப் போன பிறகு இது ஆறாவது கிறிஸ்துமஸ். இந்த வருடமும் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி உங்கள் பொம்மை ரயில் ஓடாது. பங்குச் சாமியார் போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு என்னை நிறுத்தி, ஜப்பான்காரன் சண்டையும் முடிந்துவிட்டது, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாதா என்று கேட்டார். முடியாது சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் பார்க்காத மருமகள் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள். ஸ்டெல்லா, கிள்ளான் பெண். யோசிப்பதற்கு முன்னால் பேசிவிடுவாள். யோசித்துப் பேசுகிற என்னைவிட அவள் சொல்வதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதை அவளிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை. கல்யாணமாகி எட்டே மாதத்தில், நாற்பத்து மூன்றாம் வருடம், நம் பிள்ளை அருளை, நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் வடக்கே சயாமுக்கு அனுப்பினார்கள். அங்கே புதிதாக ரயில் பாதை போடுகிறார்கள், எஞ்சின் ஷெட்டில் வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு போனான். அதன் பிறகு ஒரு வரி இல்லை.

ஸ்டெல்லாவின் அப்பா வந்து அவளை அழைத்தார். "அங்க வந்துட்டா, அவரு வர்ற வண்டி எனக்குத் தெரியாமப் போயிடும்பா" என்று சொல்லிவிட்டாள். இந்த ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம். வடக்கிலிருந்து வருகிற வண்டி எதையும் அவள் விட்டதில்லை.

போன வருடம் டிசம்பரில், ஒரு மத்தியானம், சவரிமுத்து வந்தான். உங்களோடு சீட்டாடித் தோற்றுக்கொண்டே இருப்பானே, அந்தக் குமாஸ்தாதான். ஜப்பான் பாஷை படித்து, ஷெட்டுக்குப் பொறுப்பான ஜப்பான் அதிகாரியிடம் மொழிபெயர்க்கிற வேலையில் இருந்தான். அந்த அதிகாரி, மேட்டில் இருக்கும் வெள்ளைக்கார எஞ்சினியர் பங்களாவில் குடியிருந்தார். அங்கே சாமான் அறையில், அந்த வீட்டுக் குழந்தை விட்டுப்போன பொம்மைத் தண்டவாளம் ஒரு பெட்டி கிடைத்ததாம். தண்டவாளம் இருந்தது, ரயில் பெட்டிகள் இருந்தன, எஞ்சின் இல்லை. புதுவருடம் அவர்களுக்குப் பெரிய பண்டிகை. விருந்தாளிகள் முன்னால் மேசைமேல் ரயில் ஓட்டிக் காட்ட அவருக்கு ஆசை.

"அண்ணன் வச்சிருந்த எஞ்சின்ல ஒண்ணு கெடைக்குமான்னு கேக்குறார்க்கா."

"கேக்குறானா, எடுத்துக்கப் போறானா?"

"கேக்குறார் லா. அதான் எனக்கே ஆச்சரியம். இன்னொண்ணும் சொல்றேன். ஷெட்டுல ஆள் பத்தல. சயாம்லேருந்து யார் யாரத் திருப்பிக் கூப்பிடணும்னு லிஸ்ட் எழுதப் போறார். அந்த லிஸ்ட்டும் அவர் கையிலதான் இருக்கு."

அவன் போன உடனே கட்டிலுக்கு அடியிலிருந்து உங்கள் பெட்டியை இழுத்தேன். மூன்று எஞ்சின்கள். சிவப்பு எஞ்சினின் சுருள்வில் உடைந்து, நீங்கள் பாதி பழுது பார்த்தபடியே கிடந்தது. நாலு சக்கரம் வைத்த சின்னக் கறுப்பு எஞ்சின், அருள் பல முறை கீழே போட்டு மூக்கு நசுங்கியது. பிறகு அந்தப் பச்சை எஞ்சின். ஆறு பெரிய சக்கரம், பின்னால் நிலக்கரித் தொட்டி, பித்தளை வளையம். நீங்கள் சீமையிலிருந்து வரவழைத்து, தபாலாபீஸில் வைத்தே பிரித்துப் பார்த்த எஞ்சின்.

மேசையை அளக்காமல் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காதே என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். நான் மறக்கவில்லை. சவரிமுத்துவிடம் மேசையை அளந்து வரச் சொன்னேன். அவன் கைக்கு அகலம் ஐந்து சாண். வளைவுத் தண்டவாளத்தில் ஒரு துண்டையும் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். தரையில் வைத்துப் பார்த்தபோதே தெரிந்தது. உங்கள் தண்டவாளத்தைவிட அது மிகவும் இறுக்கமான வளைவு. சின்ன எஞ்சினுக்காகச் செய்தது.

ஸ்டெல்லா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"கறுப்பக் குடுங்க அத்தை. சின்ன மேசைக்குச் சின்ன வண்டி."

"மூக்கு நசுங்கின வண்டிய ஒரு ஆபீசர் வீட்டுக்கு அனுப்பச் சொல்றியா? பிச்சைக்காரங்கன்னு நெனைப்பான்."

"நாம பிச்சைதானே அத்தை கேக்குறோம்?"

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. பச்சை எஞ்சினை எடுத்து அந்த ஒற்றைத் துண்டின் மேல் வைத்தேன். விரலால் மெதுவாகத் தள்ளினேன். முன்சக்கரம் கொஞ்சம் உரசியது, ஆனால் போனது. "பார், போகுது" என்றேன். "நீங்க தள்ளினா போகும். அவன் சாவி குடுத்துல்ல விடுவான்" என்றாள். "எனக்கு ரயில் சொல்லிக் குடுக்க வந்துட்டியா?" என்று கேட்டேன். "இல்ல லா, எனக்கென்ன தெரியும், நான் கிள்ளான்காரி" என்று கிழங்குக்குத் திரும்பிவிட்டாள்.

கறுப்பு எஞ்சின் அருளுடையது, அதனால்தான் கொடுக்க மனம் வரவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். வெட்கம்தான் காரணம். என் பிள்ளையைத் திருப்பிக் கேட்கும்போது என் கையில் நல்ல பொருள் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் இருந்த செம்பனை எண்ணெயில் இரண்டு துளி விட்டு, சக்கரங்களைத் துடைத்து, என் நல்ல கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

புதுவருடத்துக்கு மறுநாள் சவரிமுத்து வந்து வாசலிலேயே நின்றான். விருந்தாளிகள் எல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம். அதிகாரி தானே முழுச் சாவி கொடுத்து விட்டாராம். நேர்ப்பாதையில் பறந்து போன எஞ்சின், முதல் வளைவிலேயே பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு மேசையிலிருந்து தரையில் விழுந்துவிட்டது.

"கோவப்பட்டாரா?"

"இல்லக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். அப்புறம் ரயிலையே தொடல."

"லிஸ்ட்?"

"அதப் பத்தி என்னால வாயத் தொறக்க முடியல. அந்த நேரத்துல எப்படிக்கா கேக்குறது?"

எஞ்சின் எனக்கே திரும்பி வந்தது. கைக்குட்டையை அதிகாரி துவைத்து மடித்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு பொட்டலம் சர்க்கரை. அடுத்த மாதம் நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் இரண்டு பேர் சயாமிலிருந்து திரும்பினார்கள். அவர்கள் இருந்த முகாம் வேறு, அருளை அவர்கள் பார்க்கவே இல்லை. லிஸ்ட்டில் அவன் பெயர் இல்லை.

ஸ்டெல்லா சத்தம் போடவில்லை. "அளந்தீங்களே. அளந்து பாத்தும் பெரிசக் குடுத்தீங்களே" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறோ கிழங்கோ வைக்கத் தவறியதில்லை, காய்ச்சலில் கிடந்தபோது இரவு பகல் பார்த்தாள். ஆனால் அத்தை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் என் எதிரில் வந்து நிற்பாள், அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்? ஒரு வருடம் முழுவதும், கண்ணை மூடினால் கறுப்பு எஞ்சின் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி ஒழுங்காக ஓடியது. அதிகாரி பேனாவை எடுத்து அருளின் பெயரை எழுதினார். அருள் வந்து இறங்கினான்.

நான்கு நாளைக்கு முன் பாசாரில், கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, "அம்மா" என்று ஒருவன் கூப்பிட்டான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. எலும்பின் மேல் சட்டை மாட்டியதுபோல இருந்தான். அருளோடு சயாமுக்குப் போன, எஞ்சினுக்குக் கரி போடுகிற ஃபயர்மேன் கறுப்பையா.

"ஒங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்றான். அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"காலராம்மா. மூணே நாள். கடைசி வரைக்கும் நான்தான் தண்ணி குடுத்தேன்."

"எந்த மாசம்?"

"அங்க மாசம் யாரு பாத்தா? மழ."

"எந்த வருஷத்து மழை? சரியா சொல்லு."

"போய் எறங்கின மொத மழம்மா. நாப்பத்து மூணு. ரெண்டாவது மழைக்கு அவன் இல்ல."

நான் பெட்டியைத் திறந்தபோது அவன் மண்ணுக்குள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கறுப்பைக் கொடுத்திருந்தாலும் வந்திருக்க மாட்டான். எதைக் கொடுத்திருந்தாலும்.

இப்போது எழுதப்போவதைச் சாமியாரிடமும் இன்னும் சொல்லவில்லை. என் பிள்ளை செத்துவிட்டான் என்று கேட்ட அந்த இடத்தில், கையில் கீரைக்கட்டோடு, என் நெஞ்சுக்குள் முதலில் எழுந்த சொல் ‘அப்பாடா’ என்பதுதான். என் குற்றமில்லை. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. நீங்களாக இருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பீர்கள்?

அந்த நிம்மதியும் வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது. தப்பு என்னுடையது என்று இருந்தவரை, சரியாகச் செய்திருந்தால் அவன் வந்திருப்பான் என்பதும் உண்மையாக இருந்தது. இனி அதுவும் இல்லை. கண்ணை மூடினாலும் அந்த மேசையைச் சுற்றி எதுவும் ஓடுவதில்லை.

நான்கு நாளாக ஸ்டெல்லாவிடம் சொல்லாமல் இருக்கிறேன். இன்று காலையும் வண்டி பார்க்கப் போயிருக்கிறாள், வெளுத்த நீலச் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு. சொன்னால் அவள் கிள்ளானுக்குப் போய்விடுவாள், இந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. சொல்லும்போது என் குற்றத்திலிருந்து நான் தப்பித்துவிடுவேன். அவள் புருஷனைக் கொன்று என்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் கறுப்பையா பாசாரில்தான் இருக்கிறான். இன்று இல்லாவிட்டால் நாளை அவள் அவனைப் பார்ப்பாள். கீரைக்காரி முன்னால் அவள் அதைக் கேட்கக்கூடாது.

அவள் வருகிற நேரமாகிவிட்டது. அவளை உட்காரவைத்து நானே சொல்லுவேன். காலரா என்று சொல்லுவேன், தண்ணீர் கொடுக்க ஒருவன் பக்கத்தில் இருந்தான் என்று சொல்லுவேன். எந்த மழை என்றும் சொல்லுவேன், அவன் ஆத்துமாவுக்கு அவள் பூசை வைக்க வேண்டுமே. எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவளாக அந்த மழையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பார்க்கட்டும். பார்க்காமல் என்னைத்தான் திட்டுவாள் என்றால், அவள் திட்டி முடிக்கிறவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மனைவி,
அருளின் தாய், ஸ்டெல்லாவின் மாமியார்,
செசிலியா